ஒத்துழைக்க மறுத்தவர்கள்

முதியவர்கள் படுத்திருக்கும் எந்த வார்டிலும் கேஸ் ஷீட்டைப் புரட்டினால் ஒரு வாசகம் கண்ணில் படாமல் போகாது: ‘பேஷண்ட் நாட் கோஆபரேட்டிவ்’. குளிக்க வரவில்லை, மாத்திரையைத் துப்பிவிட்டார், மூக்கு டியூபைப் பிடுங்கிவிட்டார், பெட்பேன் வைத்தால் இடுப்பைத் தூக்க மாட்டேன் என்கிறார், ராத்திரி முழுக்கக் கத்தினார். எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வரிதான். எழுதி, நேரம் குறித்து, கையெழுத்தும் போட்டுவிட்டால் அந்த டூட்டியின் கணக்கு முடிந்தது. ஹேண்டிங் ஓவரின்போது ‘பதினாலாம் பெட் கொஞ்சம் தொந்தரவு, பார்த்துக்கோங்க’ என்று வாயாலும் ஒருமுறை சொல்லியாகிவிடும். காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் அந்த வரியைப் பார்த்துவிட்டு ஒரு தூக்க ஊசியை எழுதுவார். நெடுநாள் இந்த வேலையைச் செய்தபின் அந்த வரியை நான் வேறுவிதமாகப் படிக்கிறேன். நாங்கள் செய்த ஏதோ ஒரு வேலை அந்த உடம்புக்கும் அந்த வாழ்க்கைக்கும் பொருந்தவில்லை, ஏன் என்று இன்னும் யாரும் தேடவில்லை என்றுதான் அது சொல்கிறது. காய்ச்சல் 102 என்று எழுதிவிட்டு எந்த நர்ஸும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை; எதனால் என்று பார்க்கிறோம். ‘மறுத்தார்’ என்பதையும் அப்படிக் காரணம் தேட வேண்டிய அறிகுறியாக எடுத்துக்கொள்வதைத்தான் ‘ஆளை மையமாக வைத்த பராமரிப்பு’ என்கிறார்கள். பாடப்புத்தகங்களில் அன்பு, கருணை, கனிவு என்ற வரிசையில் இதையும் சேர்த்துவிட்டதால், பிறவிக்குணம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊசி போடுவதைப் போல, படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுவதைப் போல, கற்றுக்கொள்ள வேண்டிய கைத்திறன் அது என்பது என் கட்சி.

குளியலையே எடுத்துக்கொள்வோம். கீறலும் கூச்சலும் அதிகமாகப் பதிவாவது அங்கேதான். இன்று எழுபது, எண்பது வயதைத் தாண்டிய நம் கிராமத்துப் பெண்கள் பலரும் ஆற்றிலும் குளத்திலும் கிணற்றடியிலும் குளித்து வளர்ந்தவர்கள். பாவாடையை மாருக்கு மேல் ஏற்றிக் கட்டிக் குளித்து, உலர்ந்த சேலையை மேலே சுற்றிக்கொண்டு, ஈரப் பாவாடையை அடியில் நழுவவிட்டுக் காலால் ஒதுக்கும் லாவகம் அவர்களுக்குச் சிறுவயதிலேயே வந்துவிட்டது. முழு உடம்பையும் திறந்து வைத்துக் குளித்தது வாழ்நாளில் ஒருமுறைகூட இல்லாமல் இருக்கலாம். அப்படிப்பட்டவரை நாங்கள் விடிகாலை ஐந்தரைக்கு எழுப்புகிறோம். திரை பாதிதான் நகரும். அதன் வளையங்களில் நாலைந்து எப்போதோ போயிருக்கும். நைட்டியை முன்பக்கம் அவிழ்த்துத் தோளிலிருந்து இறக்கி, ஈரத்துணியோடு கையைக் கொண்டுபோகிறோம். மறதி நோய் முற்றியவர் என்றால் ஆஸ்பத்திரி, நர்ஸ், ஸ்பாஞ்ச் பாத் எதுவும் அவர் நினைவில் இல்லை. முன்பின் தெரியாத யாரோ தன் துணியை உருவுகிறார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது. அவர் கீறுகிறார். அந்த இடத்தில் கீறாமல் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

இதை அனுதாபத்தோடு விட்டுவிடாமல் அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபிலிப் ஸ்லோன் என்ற மருத்துவரும் ஜோஆன் ரேடர் என்ற நர்ஸும் அவர்களுடைய குழுவினரும் ஓரிகன், வட கரோலினா மாநிலங்களின் 15 முதியோர் இல்லங்களில் மறதி நோயாளிகளின் குளியலை ஆராய்ந்து, 2004-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரண்டு முறைகளைச் சோதித்தார்கள். ஒன்று, அவரவர் பழக்கத்துக்கும் வசதிக்கும் ஏற்ப மாற்றி அமைத்த ஷவர் குளியல். மற்றது துண்டுக் குளியல்: ஆளைப் படுக்கையிலேயே போர்த்தி வைத்துக்கொண்டு, அலச வேண்டாத சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் நனைத்த பெரிய துண்டை மேலே பரப்பி, துண்டின் மேலாகவே நீவி நீவிச் சுத்தம் செய்வது. எந்தக் கணத்திலும் உடம்பு திறந்து கிடக்காது. (நம் பாட்டிமார் மாரில் ஏற்றிக் கட்டிய பாவாடையும் இதே காரியத்தைத்தான் செய்தது.) ஆளுக்கேற்ற ஷவர் குளியலில் அடிப்பது, கீறுவது போன்ற சம்பவங்கள் 53 சதவீதமும், துண்டுக் குளியலில் 60 சதவீதமும் குறைந்தன. பழைய வழக்கப்படியே குளிப்பாட்டப்பட்டவர்களிடம் அப்படிக் குறையவில்லை. ‘முரட்டுப் பேஷண்ட்’ என்று பெயர் வாங்கியவர்களின் முரட்டுத்தனத்தில் பாதிக்குமேல் குளிப்பாட்டும் முறையிலேயே இருந்திருக்கிறது.

இதைச் சொன்னவுடன் வார்டில் எழும் முதல் கேள்வி நேரத்தைப் பற்றியது. நைட் டூட்டியில் ஒற்றை ஆளாக ஒரு வார்டையே பார்க்கும் நர்ஸிடம் போய் ‘ஒவ்வொருவர் பழக்கமும் கேட்டுக் குளிப்பாட்டுங்கள்’ என்றால் சிரிப்பார், அல்லது அழுவார். அந்தக் கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன். அதே ஆய்வு இதையும் அளந்தது: ஆளுக்கேற்ற ஷவர் குளியலுக்குச் சராசரியாக 3.3 நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. துண்டுக் குளியலில் குறிப்பிடும்படியான கூடுதல் நேரம் இல்லை. மூன்றேகால் நிமிடம்தானே என்று மேஜையில் உட்கார்ந்து சொல்லலாம். 40 பேர் படுத்திருக்கும் வார்டில் அது 132 நிமிடம். ஆகவே எல்லோருக்கும் எல்லாமும் என்று நான் கேட்கவில்லை. அந்த 40 பேரில் குளியலை எதிர்ப்பவர்கள் சிலர்தான் இருப்பார்கள். அவர்களுக்கு மட்டும் அந்த நிமிடங்களைக் கொடுத்துவிட்டு, கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். திமிறியதில் பிடுங்கிக்கொண்ட டிரிப்ஸை மறுபடி குத்துவதற்கும், இன்னொருவரைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வதற்கும், கீறலுக்கு மருந்து போடுவதற்கும், சம்பவக் குறிப்பு எழுதுவதற்கும், சொந்தக்காரர் கேள்விக்குப் பதில் சொல்வதற்கும் ஆகும் நேரத்தை எந்த ரிஜிஸ்டரும் ‘குளியல் நேரம்’ என்று சேர்த்துக்கொள்வதில்லை. இன்னொன்று, அந்த ஐந்தரை மணி யாருக்காக? ரவுண்ட்ஸ் வரும்முன் வார்டு பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக. நாள் முழுக்க வயலில் கிடந்துவிட்டு அந்தி சாய்ந்தபின் வெந்நீர் வைத்துக் குளித்தவருக்குச் சாயங்காலம் துடைத்துவிட்டால் எந்த வைத்தியமும் கெட்டுவிடாது. ஆள் பற்றாக்குறை நிஜம், அதற்காகப் போராடவும் வேண்டும். ஆனால் ஆள் கூடுதலாக இருக்கும் இடங்களிலும் ஐந்தரைக்குத்தான் எழுப்புகிறோம் என்பதால், பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டும்போது எனக்குச் சந்தேகம் வருகிறது.

குளியலாவது கண்ணுக்குத் தெரிகிற சண்டை. பெட்பேன் விவகாரம் ஓசையில்லாமல் ஆளைக் கவிழ்த்துவிடும். ஆயுள் முழுக்கக் குந்தி உட்கார்ந்தே மலம் கழித்தவரை மல்லாக்கப் படுக்கவைத்து, இடுப்புக்குக் கீழே சில்லென்ற ஒரு தட்டைச் செருகி, பக்கத்துப் படுக்கைக்குக் காப்பி வாங்கி வந்தவர் பார்த்துக்கொண்டிருக்க, ‘போங்க’ என்கிறோம். போகாது. மறுநாளும் போகாது. அசிங்கமாகிவிடுமே என்று அவர் சாப்பாட்டைக் குறைப்பார், தண்ணீரைக் குறைப்பார். நாலாம் நாள் வயிறு இறுகி, சிறுநீரும் அடைத்து, ராத்திரியில் சுவரில் ஆட்கள் நடமாடுகிறார்கள் என்று கத்தத் தொடங்குவார். மலச்சிக்கலும் நீர்ச்சத்துக் குறைவும் சிறுநீர் அடைப்பும் முதியவர்களுக்குத் திடீர்க் குழப்பத்தைக் கொண்டுவரும் என்பது முதலாண்டு மாணவிக்கும் தெரியும். ஆனால் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி பெட்பேனில் இருந்தது என்பதைக் கேஸ் ஷீட்டில் யாரும் எழுதுவதில்லை. எழுதப்படுவது ‘கன்ஃப்யூஸ்டு, நாட் கோஆபரேட்டிவ்’. கட்டிலோரம் இறக்கி கமோடு நாற்காலியில் உட்காரவைத்து, பாதம் பதிய, முட்டி சற்று உயர, காலடியில் ஒரு மணை போட்டு, உடம்பை முன்சாய்த்துப் பிடித்துக்கொண்டால் குந்துவதற்குப் பாதி வழி வந்துவிடும். ஒரு மணைதான் செலவு.

குழம்பியவர் டியூபைப் பிடுங்குகிறார் என்று காஸ் துணியால் கட்டில் கம்பியோடு கையைக் கட்டுகிறோம். முதியோர் மருத்துவரான ஷாரன் இனோய் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு திடீர்க் குழப்பத்தைத் தூண்டுபவை என்று ஐந்தைக் காட்டினார்: கட்டிவைப்பது, ஊட்டக்குறைவு, புதிதாக மூன்றுக்கு மேல் மருந்து சேர்ப்பது, சிறுநீர் டியூப், சிகிச்சையாலேயே நேரும் ஏதாவது ஒரு கேடு. குழப்பத்துக்கு வைத்தியமாக நாங்கள் கையில் எடுக்கும் கட்டு அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை முதன்முதலாகப் படிக்கும் எந்த நர்ஸுக்கும் கை கூசும். அவருடைய குழுவே 1999-ல் அடுத்த கேள்விக்கும் விடை சொன்னது. யேல் நியூ ஹேவன் ஆஸ்பத்திரியில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகள். ஒரு பிரிவினருக்குக் கண்ணாடியும் காதுக் கருவியும் கைக்கெட்டும்படி வைப்பது, இன்ன நாள், இன்ன இடம் என்று பேச்சோடு பேச்சாக நினைவூட்டுவது, எழுப்பி நடக்கவைப்பது, தண்ணீர் குடிக்கவைப்பது, தூக்க மாத்திரைக்குப் பதில் சூடான பானமும் முதுகு நீவலும் என்று பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் 9.9 சதவீதத்தினருக்குக் குழப்பம் வந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 15 சதவீதத்தினருக்கு. ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்: குழப்பம் ஒருமுறை வந்துவிட்டால் அதன் கடுமையை இந்த முயற்சி குறைக்கவில்லை. வராமல் தடுக்கத்தான் முடிந்தது. அப்படியென்றால் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொடுக்க வேண்டியது ஆள் கத்தத் தொடங்கிய பிறகு அல்ல, சேர்ந்த அன்றைக்கே. எங்கள் வார்டுகளில் அந்தக் கண்ணாடியும் பல்செட்டும் ‘தொலைந்துவிடும், வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க’ என்று சேர்க்கும்போதே திருப்பி அனுப்பப்படுகின்றன.

சாப்பாட்டில் வரும் மறுப்பைப் பற்றி ஒன்று மட்டும். பக்கவாதத்தில் வலதுகை விழுந்தவர் முன்னால் தட்டை வைத்து ‘இடதுகையால சாப்பிடுங்க’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம். தட்டு அப்படியே திரும்பி வருகிறது. ‘பசியில்லை’ என்று குறிப்பு. இடதுகை எதற்கு என்று மூன்று வயதிலேயே அடித்துச் சொல்லிக்கொடுக்கப்பட்டவருக்கு, நாலு பேர் பார்க்க அந்தக் கையைச் சோற்றில் வைப்பது பட்டினியைவிடப் பெரிய விஷயம். ஸ்பூன் கொடுத்தால் சிலர் இடதுகையால் சாப்பிடுவார்கள், ஏனென்றால் ஸ்பூன் கையல்ல. வேறு சிலர் திரையை இழுத்துவிட்டால் சாப்பிடுவார்கள். எவர் எப்படி என்று கேட்டால்தான் தெரியும்.

கேட்பது என்று வரும்போது எப்படிக் கூப்பிட்டுக் கேட்பது என்ற தொல்லை, ஆங்கிலத்தில் பேசும் நர்ஸைவிடத் தமிழ் நர்ஸுக்கு அதிகம். ‘சாப்டீங்களா’, ‘சாப்டியா’ என்று வினையின் வாலிலேயே மரியாதை ஒட்டிக்கொண்டிருப்பதால், ஒவ்வொரு வாக்கியத்திலும் நாம் முடிவெடுத்தாக வேண்டியிருக்கிறது. அவசரத்தில் வாய்க்கு வருவது ‘பெருசு’, ‘ஆயா’, ‘தாத்தா, சமர்த்தா வாயைத் திற’. இன்னொரு வகை, கொஞ்சல்: ‘செல்லம்ல, பட்டுல்ல, நாம இப்ப குளிக்கப் போறோமாம்’. கொஞ்சுகிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். அமெரிக்க நர்ஸ் ஆய்வாளர் கிறிஸ்டீன் வில்லியம்ஸின் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வில், பராமரிக்கும் நேரத்தை வீடியோ எடுத்து நொடிநொடியாகப் பிரித்துப் பார்த்தார்கள். குழந்தையிடம் பேசுவதுபோல் பேசியபோது மறதி நோயாளி எதிர்ப்புக் காட்டும் வாய்ப்பு 0.55, பெரியவர்களிடம் பேசுவதுபோல் இயல்பாகப் பேசியபோது 0.26, ஒன்றுமே பேசாமல் வேலையைச் செய்தபோது 0.36. கொஞ்சுவதைவிட வாயை மூடிக்கொண்டு வேலை பார்ப்பது மேல் என்று இதற்குப் பொருள். அதற்காக ‘எல்லோரையும் ஐயா, அம்மா, நீங்கள்’ என்று சுவரில் சுற்றறிக்கை ஒட்டினால் தீர்ந்துவிடாது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரருக்கு ‘ங்க’ போடாத பேச்சு வசவுபோல் கேட்கும். பெற்ற மகளே ‘நீ’ என்று பேசும் வீட்டிலிருந்து வந்தவருக்கு ‘நீங்க’ விலக்கி வைப்பதுபோல் இருக்கலாம். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ‘டீச்சர்’ என்று கூப்பிடப்பட்டவர் காய்ச்சல் மயக்கத்தில் ‘பாட்டி’க்குத் திரும்பிப் பார்க்க மாட்டார், ‘டீச்சர்’ என்றால் கண் திறப்பார். ஆளை எழுப்ப அந்த ஒரு சொல்லைவிட விரைவான வழி இல்லை.

‘இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்குச் சரி, நம் குடும்பங்களே இதைச் செய்கின்றன’ என்பது அடுத்த ஆட்சேபம். இந்தச் சிந்தனைக்குப் பேர் வாங்கித் தந்தது பிரிட்டனில் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த டாம் கிட்வுட், 1997-ல் வந்த அவருடைய நூல் என்பது உண்மை. மறதி நோயாளியின் சரிவில் மூளையின் பங்கு எவ்வளவு, சுற்றியிருப்பவர்கள் அவரை ஆளாகவே மதிக்காமல் நடத்துவதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டவர் அவர். ஆனால் முதியவர்களுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும் என்ற எண்ணம் இங்கேயும் புதிதல்ல. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முன்னின்று முதியோருக்கான தனி புறநோயாளிப் பிரிவை 1978-லேயே தொடங்கினார். 1988-ல் அது படுக்கைகளோடு வார்டானது. 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு மேற்படிப்பும் வந்தது. குடும்பம் என்ற வாதத்தில் எனக்குப் பாதி சம்மதம். நம் அரசு ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கட்டிலுக்கும் அடியில் பாய் விரித்து ஒரு மகளோ மருமகளோ பேரனோ படுத்திருக்கிறார். இவர் எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவார், காலையில் முதலில் கேட்பது காப்பியா வெற்றிலையா, கோபம் வருமுன் என்ன செய்வார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். உலகத்தின் பெரிய ஆஸ்பத்திரிகள் படிவம் போட்டுச் சேகரிக்க முயலும் தகவல் எங்களிடம் கட்டிலுக்கடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. அவரை நாங்கள் எதற்குப் பயன்படுத்துகிறோம்? மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓட, ரத்த சாம்பிளை லேபில் கொடுக்க, யூரின் பையைக் காலி செய்ய. ரவுண்ட்ஸ் வரும்போது ‘எல்லாரும் வெளிய போங்க’ என்று முதலில் விரட்டுவதும் அவரைத்தான்.

மீதிப் பாதி சம்மதம் இல்லாததற்குக் காரணம், குடும்பம் அறிவது வேறு, குடும்பம் விரும்புவது வேறு. கூட இருப்பவர் சொல்வதில் ‘அவருக்குப் பிடிக்கும்’ எது, ‘எங்களுக்குச் சௌகரியம்’ எது என்று பிரித்துக் கேட்கக் காது பழக வேண்டும். முதியோரை மதிக்கும் மரபு என்று மேடையில் பேசுகிறோம். தென்மாவட்டங்களில் படுத்த படுக்கையானவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி முடித்துவைப்பதைக் குறிக்கும் தலைக்கூத்தல் என்ற சொல்லும் இதே தமிழில்தான் இருக்கிறது. பெற்றோரைப் பராமரிக்க 2007-ல் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. ஆகவே குடும்பம் இருக்கிறது என்பது நர்ஸ் கேட்காமல் இருப்பதற்குக் காரணமாகாது. இதன் தொடர்ச்சியாக இன்னொன்றும் சொல்வார்கள்: நம் ஊரில் முடிவெடுப்பது தனி ஆள் அல்ல, குடும்பம், புற்றுநோய் என்று அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்று பிள்ளைகள் கேட்கும்போது ஆளை மையமாக வைப்பது எப்படி? ஆளை மையமாக வைப்பது என்றால் எல்லாவற்றையும் அவர் தலையில் கொட்டுவது என்று யார் சொன்னது? ‘டெஸ்ட் ரிசல்ட் வரும், உங்ககிட்டயே சொல்லட்டுமா, வேற யார்கிட்டயாவது சொல்லணுமா’ என்று சேர்த்த அன்றே கேட்கலாம். ‘பெரிய பையன்கிட்ட சொல்லிடுங்க, எனக்கு ஒண்ணும் தெரிய வேணாம்’ என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவுதான். அவரைக் கேட்காமலே பெரிய பையனிடம் போவதுதான் தவறு. கேட்டால் பலர் ‘எங்கிட்டயே சொல்லு தாயி’ என்பார்கள் என்பதும், அது பிள்ளைகளுக்கு ஆச்சரியமாக இருக்கும் என்பதும் வேறு கதை.

பாதுகாப்பு பற்றிய ஆட்சேபம் இவற்றைவிடக் கனமானது. நடக்க விட்டால் விழுவார், இடுப்பு எலும்பு முறியும். கேட்டதைக் கொடுத்தால் சர்க்கரை ஏறும். விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது நர்ஸ். கட்டிப்போட்டதால் தசை கரைந்து இனி நடக்கவே முடியாமல் போனால் யாரும் யாரையும் கேட்பதில்லை. விசாரணை ஒருபக்கத்துக்கு மட்டும் நடக்கும் இடத்தில் நர்ஸ் கட்டிப்போடத்தான் செய்வார், அதில் அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? ஆனால் விழுவதற்கான காரணத்தையும் தேட வேண்டும். பாயில் படுத்தே பழகியவரை இடுப்புயரக் கட்டிலில் ஏற்றி, இரண்டு பக்கமும் கம்பியைத் தூக்கிவிடுகிறோம். இரண்டு மணிக்கு மூத்திரம் முட்டி எழுந்தவர், கால் தரையில் படும் என்ற அறுபது வருஷப் பழக்கத்தில் கம்பிக்கு மேலாக இறங்குகிறார். கம்பி இல்லாவிட்டால் விழுந்திருக்கக் கூடிய உயரத்தோடு கம்பியின் உயரமும் சேர்ந்து விழுகிறார். படுக்கையைத் தாழ்த்தி, கழிப்பறைப் பக்கம் ஒரு விளக்கை எரியவிட்டு, ஒன்றரை மணிக்கே எழுப்பி அழைத்துப்போய் வந்தால் கட்டு தேவைப்படாது. சர்க்கரை விஷயத்தில் மருத்துவமே இறங்கி வந்திருக்கிறது: பல நோய்களோடு தளர்ந்துபோன முதியவருக்கு நாற்பது வயதுக்காரரின் அளவைத் திணிக்க வேண்டாம், தாழ்சர்க்கரையில் மயங்கி விழுவதுதான் பெரிய ஆபத்து என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல்களே சொல்கின்றன. எண்பத்தைந்து வயதில், மூன்று மாதம் என்று நாள் குறிக்கப்பட்டவரின் காப்பியில் அரை ஸ்பூன் சர்க்கரையை மறுக்கும் அதிகாரம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று டயட் சார்ட்டைக் கையில் வைத்திருப்பவர் ஒருமுறையாவது கேட்டுக்கொள்ளலாம்.

கடைசி ஆட்சேபத்தைப் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மறதி முற்றி, பெற்ற பிள்ளையையும் தெரியாமல், பேச்சும் போனபின் அந்த ஆள் அங்கே எங்கே இருக்கிறார், யாரை மையமாக வைப்பது? அப்படிப்பட்டவர்களிடம்தான் இது வேலை செய்கிறதா என்று சோதித்திருக்கிறார்கள். பிரிட்டனில் மறதி நோயாளிகளுக்கான 12 இல்லங்களில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வு ஒன்றில், பாதி இல்லங்களின் ஊழியர்களுக்கு ஆளை அறிந்து பராமரிக்கும் பயிற்சியும் தொடர்ந்த உதவியும் கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்து அங்கே மனநோய்க்கான அடக்கு மருந்து சாப்பிட்டவர்கள் 23 சதவீதம். மற்ற இல்லங்களில் 42.1 சதவீதம். மருந்தைக் குறைத்ததால் கூச்சலும் முரட்டுத்தனமும் கூடிவிடவில்லை. அந்த மருந்துகள் சாதாரணமானவை அல்ல. 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-ல் எச்சரித்தது: மறதி நோயுள்ள முதியவர்களுக்கு அவற்றைக் கொடுத்தபோது இறந்தவர்கள் ஏறக்குறைய 4.5 சதவீதம், வெற்று மாத்திரை கொடுத்தபோது 2.6 சதவீதம். ‘நாட் கோஆபரேட்டிவ்’ என்று எழுதிய வரி எந்த ஊசியாக மாறுகிறது, அந்த ஊசி என்ன செய்யலாம் என்பதன் கணக்கு இது. அந்த 2006 ஆய்வில் எங்களவர்கள் கவனிக்க வேண்டிய சொல் ‘தொடர்ந்த’ என்பது. பயிற்சியாளர்கள் மாதக்கணக்கில் கூடவே இருந்தார்கள். ஒருநாள் கருத்தரங்கம், மதியம் பிரியாணி, மாலையில் சான்றிதழ், குழுப்படம் என்று முடியும் நம் வகையில் இந்தப் பலன் வரும் என்று நான் நம்பவில்லை.

என்ன வேண்டும் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை, கேஸ் ஷீட்டில் ஒரு பக்கம். பிரிட்டனின் அல்சைமர்ஸ் சொசைட்டி ‘திஸ் இஸ் மீ’ என்று ஒரு சிறு படிவத்தை வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேரும் மறதி நோயாளியோடு அதுவும் வரும். அதை அப்படியே மொழிபெயர்த்தால் ‘விருப்பமான பொழுதுபோக்கு’ என்ற கேள்வியில் நம்மவர்கள் முழிப்பார்கள். நம் கேள்விகள் வேறு. வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள்? கட்டிலா, பாயா? குளிப்பது எப்போது, எப்படி? கழிப்பறையில் குந்துவாரா? இருட்டில் தூங்குவாரா, விளக்கு வேண்டுமா? வெற்றிலை, பொடி, சுருட்டு உண்டா, கடைசியாக எப்போது? கழற்றச் சொன்னால் கலங்கிப்போகும் பொருள் ஏதாவது உடம்பில் இருக்கிறதா? தாலிக்கயிறானாலும் காசிக்கயிறானாலும் ஸ்கேனுக்கு முன் கத்தரிக்கோலை எடுக்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும். என்ன வேலை பார்த்தார்? ஒரு எச்சரிக்கை: பழக்கம் கேட்கும் கேள்விகள் நம் ஊரில் நொடியில் சாதி கேட்கும் கேள்விகளாக மாறிவிடும். சாப்பாட்டுப் பழக்கத்தைக் கேட்கும் தொனியிலேயே அது வெளிப்படும், எதிரில் இருப்பவருக்கு உடனே புரியும். வைத்தியத்துக்குத் தேவையானதை மட்டும், எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். இந்தப் பக்கத்தை நிரப்பப் பத்து நிமிடம் ஆகும். சேர்க்கும்போது நேரமில்லை என்றால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, கட்டிலடியில் இருப்பவர் பாயை விரிக்கும் நேரத்தில் கேட்கலாம். அந்த வேளையில் ஆட்கள் நிறையப் பேசுவார்கள்.

கேட்பதற்கு யாருமே இல்லாதவர்களும் வருகிறார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து 108 கொண்டுவந்து இறக்கும், ‘அன்நோன் மேல், அபவுட் 70’ என்ற தலைப்போடு கேஸ் ஷீட் திறக்கும். பெயர் இல்லை, ஊர் இல்லை, சொல்லும் நிலையில் அவரும் இல்லை. அந்தப் பக்கம் வெறுமையாகத்தான் தொடங்கும். பார்த்துப் பார்த்து நிரப்ப வேண்டும். சுவர்ப்பக்கம் திரும்பித்தான் தூங்குகிறார். தண்ணீர் டம்ளரை உதட்டில் வைத்தால் துப்புகிறார், அண்ணாந்து வாயில் ஊற்றினால்தான் குடிக்கப் பார்க்கிறார். பழக்கம் அது, ஆனால் இப்போது புரையேறும், நிமிர்த்தி உட்காரவைத்து ஸ்பூனால் கொடுக்கவும். பாங்கு ஒலிக்கும்போது அசைவு இல்லை, கோயில் மணிக்கும் இல்லை, ரயில் சத்தத்துக்குத் தலையைத் தூக்குகிறார். வலது கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளில் காய்ப்பு. தூக்கத்தில் போர்வை விளிம்பை மடித்து மடித்து நகத்தால் அழுத்துகிறார், தையல்காரராக இருக்கலாம். நைட் டூட்டியில் எழுதியது. காலையில் வந்தவர் கீழே சேர்த்திருக்கிறார்: ஓரம் தைக்காத பழைய துண்டு ஒன்று கையில் கொடுத்தேன், டியூப் பக்கம் கை போகவில்லை, கட்டை அவிழ்த்துவிட்டேன்.